புதன்கிழமை ஓட்டம்

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் மாகாண மட்டத்தில் நூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்தவர். தோட்டத்து ஜனம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. மனுஷன் அந்தத் தோளிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். யாராவது "சாம்பியன்" என்று கூப்பிட்டால் போதும், கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் கடன் வாங்கிக் கொடுப்பார். ஓட்டம் நின்றபின் லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியில் ஊரே ஓசியில் போய் வந்தது. கடைசியில் லீசிங் கம்பெனிக்காரர்கள் வண்டியையும் பறித்துக்கொண்டார்கள், பாக்கி மட்டும் நின்றது.

அந்தப் பாக்கிக்காக நான் பெண்கள் குழுவில் கடன் எடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். புதன்கிழமைதோறும் கேகாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வசூலுக்கு வருவான். குழுவில் ஐந்து பேர். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக் காம்பரா வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், எழும்பக் கூடாது. என்னால் நாலு வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர்கள் திட்டவில்லை, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

சாம்பியனோ மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் றப்பர் மலையில் ஏறி ஓடிவிடுவார். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். மூன்று வாரம் எல்லாவற்றையும் எங்கள் வீட்டு நாயிடம்தான் சொன்னேன். சோறு சட்டியில் இருக்கிறது என்பேன். நாய் வாலாட்டும், இவர் எழுந்து போய்ச் சாப்பிடுவார். இந்தப் புதனும் தவறினால் எஹலியகொட அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று துணிப்பையைக் கட்டிவைத்ததையும் நாயிடமே சொன்னேன். அன்று நாங்கள் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் அவரும் நாயிடம் பேசினார்.

"பரிசு வாட்ச வித்துடுறேன். புதன்கிழமை காசோட வாரேன்னு சொல்லு."

அந்த நூறு மீட்டருக்குக் கிடைத்த, குளிக்கும்போதுகூடக் கழற்றாத கடிகாரம் அது. அப்போதும் நான் நாயைத்தான் பார்த்தேன்.

புதனன்று நாங்கள் ஐந்து பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ருவான்வெல்லை பஜாரில் கடிகாரத்தை விற்றுவிட்டு, கீழ்ப் பாதையில் அவர் வந்துகொண்டிருந்தார். சட்டைப் பை உப்பியிருந்தது. அப்பாடா என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காசோடு றப்பர் மலையில் ஏறி ஓடிவிட்டார்.

நான் எழுந்தேன். எழும்பக் கூடாது என்று, அதற்குள் வாசலுக்கு வந்துவிட்ட வசூல் தம்பி சொன்னது பின்னால் எங்கேயோ கேட்டது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் ஓடியதே இல்லை. மூன்றாவது வரிசை மரத்தடியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காச கையில வச்சுக்கிட்டு எதுக்குங்க ஓடுறீங்க?"

சட்டைப் பையை அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

"சத்தம் கேட்டிச்சு, காலு ஓடிருச்சு," என்றார். பிறகு, "நீ வர்றதப் பாத்துதான் நின்னேன்."

பச்சைப் பொய். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

தவணை கட்டினோம். நாலு பேரும் சமைக்கப் போனார்கள். வீட்டில் அவர் முட்டிக்குக் கட்டுப்போடத் துணி தேடினேன். எல்லாம் அண்ணன் வீட்டுக்குப் போகக் கட்டிவைத்த பையில் இருந்தது. பையை அவிழ்த்து, இருந்ததிலேயே நல்ல சேலையைக் கிழித்தேன்.