கோபாலசாமியின் ஒன்பதாம் நம்பர்

தினமும் காலையில் பல் துலக்கிய கையோடு கோபாலசாமி ரவுட்டரின் சுவிட்சை அணைக்கிறார். லேத்தில் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியில் புதுசாக ஒன்றை எடுத்து அதன் முதுகைத் துடைக்கிறார். "கொஞ்ச நேரம் மூச்சு உடட்டுமுங்க. மோட்டாருக்கும் இப்படித்தானுங்க." பிறகு சுவிட்சைப் போட்டு, பச்சை விளக்கு எரியும்வரை கைகட்டி நிற்பார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் உதிரிபாகம் கடையும் பட்டறை அவருடையது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். ரவுட்டரை மட்டும் இரண்டிலும் திட்டுவார். அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கு நன்றாகவே கேட்கும்.

வீட்டு வைஃபைக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. அதை ரவுட்டரே கொடுத்துவிடும். கோபாலசாமிக்கு அது பிடிக்கவில்லை. "அது இஷ்டத்துக்குக் குடுத்தா எப்படிங்க? ஊட்டு நம்பரு தெனம் மாறுமுங்களா?" யாருடைய வீடியோவையோ பார்த்து, கேட் கேமராவுக்குத் தானே ஓர் எண்ணை நிலையாகப் போட்டுவிட்டார். ஒன்பதில் முடியும் எண். வண்டி, போன், எல்லாமே அவருக்கு ஒன்பதில்தான் முடியும்.

அதன்பிறகு மருமகள் நவ்யாவின் லேப்டாப்பில் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. கோபாலசாமி நெட் கம்பெனிக்காரர்களைத் திட்டினார். ஒயரை மொட்டை மாடிவரை தடவிப் பார்த்தார். மாமரத்தின்மேல் சந்தேகப்பட்டு இரண்டு கிளைகளை வெட்டினார். ரவுட்டருக்கு மாலையிலும் மூச்சுவிட நேரம் ஒதுக்கினார்.

போன மாதம் நவ்யாவுக்கு சரவணம்பட்டிக் கம்பெனி ஒன்றின் வீடியோ இன்டர்வியூ. குழந்தைக்காக வேலையை விட்டபின் வந்த முதல் அழைப்பு. பேச ஆரம்பித்ததுமே படம் உறைந்துபோனது. கம்பெனியிலிருந்து போன் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலச் சொன்னார்கள். கோபாலசாமி ரவுட்டரை நோக்கி ஓடினார்.

"மாமா, அதைத் தொடாதீங்க!"

வாழைத்தார் கொடுக்கப் போன நானும் அப்படியே நின்றுவிட்டேன். நவ்யா திரையில் வந்திருந்த வரியைக் காட்டினாள்.

"என்னோட ஐ.பி. நம்பரே இன்னொண்ணுக்கும் இருக்குதாமுங்க. ஒன்பதுல முடியுது. எதுக்காச்சும் நீங்களா நம்பர் போட்டீங்களா?"

"கேட் கேமராவுக்குப் போட்டேன் கண்ணு." தலையைச் சொறிந்தார். "ராசியான நம்பராச்சே."

"அது தெரியாம ரவுட்டர் எனக்கும் அதையே குடுத்துருச்சுங்க. ரெண்டும் அடிச்சுக்குது. நீங்க அணைச்சு அணைச்சுப் போடறப்பெல்லாம் இந்தச் சண்டை புதுசா ஆரம்பிக்குது. ரவுட்டர் யாருக்கும் குடுக்காத நம்பராப் பார்த்து சாயங்காலம் கேமராவுக்குப் போட்டுக்கலாம். இப்ப அதோட பிளக்கைப் புடுங்குங்க மாமா!"

"அட, என்ற கையாலயே கெடுத்துப்போட்டனே!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஸ்டூல் தேடப் பொறுமையில்லை. நான் வாசலில் இறக்கி வைத்திருந்த வாழைத்தாரைத் தாண்டிக் குதித்து, மதில்மேலேயே ஏறிப் பிடுங்கினார். "புடுங்கிப்போட்டேன் அம்மணி! இப்பப் பாரு!"

நவ்யா வைஃபையைத் துண்டித்து மறுபடி சேர்த்தாள். படம் அசைந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசத் தொடங்கினாள். அந்த வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு எதுவும் தெரியாது.

கோபாலசாமி உள்ளே வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கேமரா இல்லீங்களே. யாராச்சும் பாக்கோணுமல்லங்க."

தெருமுனையில் கேஸ் சிலிண்டர் வண்டி திரும்பியது. டிரைவரின் கை ஹாரனுக்குப் போவதைப் பார்த்ததும் கோபாலசாமி எழுந்து நடுத்தெருவுக்கு ஓடி, வண்டியின் முன்னால் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.