செருமினால் இறங்கி வரும் அணில்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எந்த அறையானாலும் செருமிவிட்டுத்தான் நுழைய வரும். சொந்த வீட்டுச் சமையலறைக்கும் அதே மரியாதை. "ராஜா வர்றாரு, வழி விடுங்க" என்பாள் அக்கா. அந்தச் செருமலே அவர் பிழைப்பில் மண் அள்ளிப் போடும் என்று யார் கண்டது?

எங்கள் காட்டில் பறக்கும் அணில் அற்றுப்போய் அறுபது வருடம் ஆகியிருந்தது. வனத்துறையில் வேறொரு காட்டிலிருந்து பன்னிரண்டைக் கொண்டுவந்து, நான்கு மாதம் கூண்டில் வைத்து இந்தக் காட்டுக்குப் பழக்கி, பிறகு திறந்துவிட்டார்கள். கூண்டில் தீனி வைத்தவர் மச்சான். நான் ஜீப் ஓட்டுகிறவன். அணில்கள் மனிதருக்குப் பழகிவிடாமல் இருக்க, தீனி வைப்பவர் பேசக் கூடாது, பெயர் வைக்கக் கூடாது, முகம் காட்டாமல் சின்னக் கதவு வழியாகத் தட்டைத் தள்ள வேண்டும். மனிதர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார். தள்ளுவதற்கு முன் ஒரு தரம் செருமினார், அவ்வளவுதான்.

திறந்துவிட்ட மூன்றாம் வாரம், மாலையில் நடக்க வந்த யாரோ மரத்தடியில் செருமியிருக்கிறார். தீனி என்று நினைத்து ஓர் அணில் இறங்கி வந்திருக்கிறது. கூட வந்த நாய் சும்மா இருக்குமா?

மச்சானைக் காட்டுப் பக்கமே விடவில்லை. காட்டு கேமரா எடுத்த படங்களில் அணில்களை எண்ணும் வேலை கொடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். கூண்டில் அவர் தீனி வைத்தவற்றில் காது கிழிந்த பெண் அணில் ஒன்று வந்தால், அந்தப் படத்தை விட்டு நகரவே மாட்டார். "நாலு நாளா அதக் காணோம் மாப்ள" என்பார், சாப்பாட்டைத் தொடாமல். எனக்கு எரிச்சலாக வரும். பெற்ற பிள்ளை வெளியூர் போனபோதுகூட மனிதர் இப்படி ஏங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வனத்துறை அதிகாரியம்மா மச்சானைக் கூப்பிட்டார். "அந்தக் காது கிழிஞ்சது இருக்கற மரத்தடியில நின்னு செருமுங்க. அது எறங்கலன்னா திங்கக்கிழமலேர்ந்து காட்டு வேலை. எறங்குச்சுன்னா பழையபடி நாற்காலிதான்."

மச்சான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். "அதுங்க ஒங்க சட்டையவா பாக்கப்போகுது?" என்றாள் அக்கா. அவர் காலரைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறினார்.

பொழுது சாயும் நேரம். அணில் தங்குவதற்காக மரத்தில் கட்டியிருந்த பெட்டியின் ஓட்டை வழியே கிழிந்த காது எட்டிப் பார்த்தது. மச்சான் செருமினார். அது அவரை நேராகப் பார்த்தது. இன்னொரு தரம் செருமினார். அது வெளியே வந்து, கிடுகிடுவென்று உச்சிக்கு ஏறி, உடம்பை விரித்து அடுத்த மரத்துக்கு மிதந்து போய்விட்டது.

"நல்லா பயந்துடுச்சு. இதுதான் வேணும்" என்றார் அதிகாரியம்மா, எழுதிக்கொண்டே. "திங்கக்கிழம வந்துடுங்க."

மச்சான் அந்த அடுத்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், நான் எப்பவும் செருமுற மாதிரி இன்னிக்கு வரல" என்றார். "இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கலாமா?"