பத்திரிகை அதைப் பூரிப்பு என்றது

முதலில் செருப்புதான் காலில் ஏறவில்லை. வார் இறுகிவிட்டது என்று நினைத்து ஆணியைப் பிடுங்கித் தளர்த்தினேன். மறுநாளும் ஏறவில்லை.

வலி இல்லை. அதனால் பயமும் இல்லை. பினாங்கு துறைமுகத்தருகே ஒரு கிடங்கில் எனக்குக் காவல் வேலை. ஜப்பான்காரர்கள் வந்தபின் அரிசி அபூர்வமாகிவிட்டது, வேளாவேளைக்கு மரவள்ளிக்கிழங்குதான். ஊரே கன்னம் ஒட்டிக் கிடக்க, எனக்குக் கால் திரண்டுகொண்டு வந்தது.

உடன் வேலை செய்த சூசை விடமாட்டான்.

“என்னண்ணே, ஊரே வத்திப்போச்சு, நீங்க மட்டும் பூரிச்சுக்கிட்டே போறீங்க? கள்ள அரிசி எங்க கிடைக்குதுன்னு நமக்கும் சொல்லுங்க லா.”

பூரிப்பு என்ற சொல் அவனுடையதல்ல. மரவள்ளி தின்றால் உடல் பூரிக்கும் என்று அப்போது வந்த தமிழ்ப் பத்திரிகை திரும்பத் திரும்ப எழுதியது. நான் நான்காம் வகுப்போடு நின்றவன். யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சம். அச்சில் வந்ததை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் காலைப் பார்த்து, எழுதியது சரிதான் என்று எண்ணிக்கொண்டேன்.

வீக்கம் முழங்காலைத் தாண்டியது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

என் மனைவி ரோசம்மா குழாயடியில் பெண்களிடம் விசாரித்துவிட்டு வந்தாள். என் முன்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடத்தில் குழி அப்படியே நின்றது.

“பாருங்க, இது சதையில்ல, தண்ணி. நெஞ்சுக்கு ஏறிச்சுன்னா ஆளே போயிடுமாம். ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“அங்க ஊசி போட்டு முடிச்சிடுறானாம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான்.”

பத்திரிகை நோய் என்ற சொல்லையே அச்சிடவில்லை. அது விட்டுவைத்த இடத்தையெல்லாம் வதந்தி நிரப்பியது. தெருமுனையில் லாரி நிற்கும், ஆண்களை ஏற்றிச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோகும் என்றார்கள். அப்படிப் போனவர்கள் மகிழ்ச்சியோடு புறப்பட்டதாகப் பத்திரிகை எழுதியது. வீட்டிலிருந்தால் தண்ணீர், வெளியே போனால் லாரி, போய்ச் சேர்ந்தால் ஊசி. எதில் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல ஆளில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, என் காலோடு உள்ளேயே கிடந்தேன்.

ஒரு காலையில் என்னால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. ரோசம்மா என்னைக் கேட்காமலே ரிக்‌ஷா கொண்டுவந்தாள்.

தெருமுனையில் லாரி உண்மையிலேயே நின்றது. ஆள் பிடிப்பவன் தமிழன். “நல்லா தாட்டியா இருக்கான். இறங்குடா,” என்றான்.

ரோசம்மா என் வேட்டியை விலக்கிக் காலை அழுத்தினாள். “நல்லாப் பாத்துக்குங்கண்ணே. மண்ணு வெட்டுற காலா இது?”

அவன் அந்தக் குழியைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். “போ, போ.”

மருத்துவமனையில் மலாய்ப் பணியாள் என்னைப் பார்த்ததும், “பிரி-பிரி,” என்று உள்ளே குரல் கொடுத்தார். மலாய் மொழியில் அது செம்மறியாடு. கொழுத்திருக்கிறேன் என்று கேலி செய்கிறார் என நினைத்துத் தலைகுனிந்தேன். டிரெஸ்ஸர் (மருத்துவருக்கு உதவியாக நோயாளிகளைக் கவனிப்பவர்) யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சிரித்துவிட்டார்.

“ஆட்டைச் சொல்லேல்லை, ஐயா. உங்கட வருத்தத்துக்கும் அதுதான் பேர்.”

பெரிபெரி (தவிட்டில் உள்ள சத்து கிடைக்காமல் நரம்பும் இதயமும் தளர்ந்து, உடம்பில் நீர் கோக்கும் நோய்).

“பேப்பர்ல வரலையே,” என்றேன். முன்பின் தெரியாதவரிடம் நானாக வாய்திறந்தது அதுதான் முதல் தடவை.

“எப்பிடி வரும்? அந்தப் பேரைப் போட்டால், அரிசி எங்கை எண்டு சனம் கேக்குமே.”

நான் பயந்த ஊசி அங்கே இல்லவே இல்லை, எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. அதுதான் இந்த நோய்க்கு மருந்தாம், இருந்திருந்தால் சீக்கிரம் எழுந்திருப்பேன். தவிட்டுக் கஞ்சியும், ரோசம்மா தேடிப்பிடித்து அவித்துக் கொண்டுவந்த பச்சைப்பயறும்தான் மருந்து. தவிடு தொண்டையில் அறுத்தது. நீர் மெதுவாக இறங்கியது.

பக்கத்துக் கட்டில்காரர் எதிர்க்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து வந்தவர், என்னைவிட நோய் முற்றியபின் வந்தவர். அவருக்கு நீர் இறங்கவில்லை. அந்த வாரப் பத்திரிகையில், மருத்துவமனைகளில் நோயாளிகள் குறைந்துவிட்டதாகப் போட்டிருந்தது. காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அந்த ஒரு செய்தி பொய்யில்லை.

காலில் வீக்கம் கண்டு, யாரைக் கேட்பது என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விரலால் அழுத்திப் பாருங்கள். குழி நின்றால் காத்திருக்காதீர்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

சண்டை முடிந்தபின், ஜப்பான்காரர்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்த ஊர்க் கடிகாரங்களைப் பழையபடி திருப்பினார்கள். என் நேரம் அப்படித் திரும்பவில்லை. காலையில் பத்திரிகை வந்து கிடக்கும். நான் கட்டிலோரம் உட்கார்ந்து முன்காலை அழுத்திவிட்டு, குழி மேடேறும்வரை பார்த்திருப்பேன். சில நாள் உடனே ஏறிவிடும். சில நாள் தயங்கும். அது ஏறிய பிறகுதான் எனக்கு விடியும்.