மழை அளப்பவர் கேட்ட கேள்வி

எண்பதுகளில், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தினமும் மழை அளந்து எழுதும் வேலை அவருக்கு. மழைநீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்த பழக்கமோ என்னவோ, டீ கிளாஸையும் அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

மண், நீர், பயிர் மூன்றையும் சேர்த்துப் படித்த பட்டத்தோடு அங்கே வேலை கேட்டுப் போயிருந்தேன். "பாட்டனியா, கெமிஸ்ட்ரியாம்மா? ரெண்டுங்கெட்டானா படிச்சா எந்த வேலையில போடறது?" என்று மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். இனி வங்கித் தேர்வுதான் என்று முடிவுகட்டி, பஸ்ஸுக்காக டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இருந்த மழை அளப்பவர் என்ன படிப்பு என்று கேட்டார். சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, கீழ்ச்சரிவுல காப்பிக்காய் பிஞ்சுலயே நொம்பக் கொட்டுதுங்க. ஒருத்தரு வந்து மண்ணு சரியில்லைன்னாரு, ஒருத்தரு பூச்சின்னாரு, இன்னொருத்தரு மழைன்னாரு. மூணையும் சேத்துப் பாக்கறவங்க யாராச்சும் இருக்கறாங்களுங்களா?"

பஸ் வந்து போனது. நான் அவரோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

காய் கொட்டுவதைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்களைப் படித்துவிட்டு, அதே மேனேஜர்தான் என் முதல் வேலையைத் தந்தார்.

மழை அளப்பவர் அன்று பதில் வேண்டிக் கேட்டாரா, என்னைப் போகவிடாமல் நிறுத்தக் கேட்டாரா? டீ கிளாஸைக் கண்மட்டத்துக்குத் தூக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.