வேறு கடையில் வாங்கிய மாத்திரை

கடைவாசலில் நிற்கும் ஆண் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணன் இல்லையா?" என்று கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "அண்ணன் கடையில பெட்டி தூக்குறவரு. மருந்துக்குப் படிச்சவ நான். சொல்லுங்க, என்ன?" என்பாள். வந்தவர் ஒரு தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவார். வெட்கமாம்!

தெருவில் அவளுக்குப் பட்டாசு அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அதே மருந்துக்கடை. மாத்திரை உறையில் "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போடுவாள். சொன்ன பேச்சுக் கேட்காத ஆளென்றால் மூன்று கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் வசவுதான் கிடைக்கும்.

ஒருநாள் இருபத்தாறு வயதுக்காரர் ஒருவர், அண்ணன் இல்லாததால் வேறு வழியின்றி அவளிடமே சொன்னார்: விந்தில் ரத்தம். சொல்லும்போது மேசைக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் சுளிக்கவில்லை.

"ஒரு தடவைதானே? வலி, காய்ச்சல், எரிச்சல் இல்லையே? சிறுநீர்ல ரத்தம்? எதுவும் இல்லன்னா பயப்படாதீங்க தம்பி. இந்த வயசுல பெரும்பாலும் தானா நின்னுடும். மறுபடி வந்தாலோ, இதுல ஏதாவது சேர்ந்து வந்தாலோ டாக்டர்கிட்ட போயிடணும். நாப்பது தாண்டினவங்கன்னா ஒரு தடவை வந்தாலே காட்டிடணும்."

அன்று வீட்டில், யாரென்று சொல்லாமல், கணவரிடம் பொருமித் தீர்த்தாள். "இந்த ஆம்பளைங்க வாயத் திறந்தா என்ன, கொறஞ்சா போயிடுவாங்க?" பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த மனிதர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல் உம் கொட்டினார்.

அடுத்த வாரம் துவைக்க எடுத்த அவருடைய சீருடைச் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. ஐந்து மட்டும் கத்தரித்துக் கொடுத்த ஆன்டிபயாடிக். மருந்துக்கடைக்காரியின் புருஷன் நாலு தெரு தள்ளி வேறு கடையில் போய் மருந்து வாங்கியிருக்கிறார்!

"யாருக்கு இது?"

"சும்மா... உடம்பு சூடு."

"சூட்டுக்கு இதக் கொடுத்தவன் எவன்? உண்மையச் சொல்லுங்க."

இழுத்து இழுத்துத்தான் வந்தது. விந்தில் ரத்தம். இரண்டு மாதத்தில் நாலைந்து தடவை. முதுகுவலி என்று அவர் கூடத்தில் தனியாகப் படுக்கத் தொடங்கியதும் அப்போதுதான். அவருக்குத் தன்மேல் சலிப்பு வந்துவிட்டது போல என்று அவள் உள்ளுக்குள் வெந்ததும் அந்த இரண்டு மாதம்தான்.

"நான் எங்கயோ போயிட்டு வந்தேன்னு நீ நினைச்சுக்குவியோன்னு..."

"நினைச்சா சண்டை போட்டிருப்பேன்! நீங்க போய்ச் சேர்ந்துட்டா நான் யார்கிட்ட சண்டை போடுறது?"

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருடைய அண்ணன் புராஸ்டேட் புற்றுநோயில் இறந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அவரும் நோய் முற்றும்வரை யாரிடமும் மூச்சு விடாத ஆள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு, அன்று அதைத் தனக்கே சொல்லிக்கொள்ள நாக்கு வரவில்லை. அந்தப் பயத்துக்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினாள்.

மறுநாள் காலையில் அவரை விடுப்புப் போடவைத்து மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டிருந்த இடத்தில் அவர் 'அசதி' என்று எழுதினார். டாக்டர் அறை வாசலிலுமா அசதி! அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. பேனாவைப் பிடுங்கி அந்தச் சொல்லை அடித்தாள். தானே எழுதப் போனவள், ஏனோ நிறுத்திவிட்டுப் பேனாவை அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே எழுதுங்க."

அவர் எழுதினார். விந்தில் ரத்தம், இரண்டு மாதம், அண்ணனுக்குப் புற்றுநோய். எழுதிய கையோடு, பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிடாதபடி இடது கையால் அதை மூடிக்கொண்டார். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளே கூப்பிடும்வரை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.