அஞ்சாவதை மட்டும் சொல்லும்மா

கல்யாண மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ‘உடலில் ஏழு சக்கரங்கள் – ஓர் அறிமுகம்’ என்று போட்டிருந்தது. நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். எங்கள் தெருவில் உடல் என்றால் சேலையில் இரண்டு கரைக்கும் நடுவில் இருக்கிற பாகம். சக்கரம் என்றால் அதில் போடுகிற வட்டப் புட்டா. அவ்வளவு நீள உடலில் ஏழே ஏழு புட்டா போட்டால் எவள் வாங்குவாள், இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு வேறா என்று நினைத்தேன். பிறகுதான் கீழே ஒரு மனிதன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் படத்தைக் கவனித்தேன். அவன் முதுகு நெடுக வண்ண வண்ணமாகத் தாமரைகள். கழுத்துக்கு நேராக, கீழிருந்து ஐந்தாவதாக, நீலத் தாமரை. பக்கத்தில் ‘விசுத்தி: தொண்டை, குரல்’ என்று எழுதியிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது குரல் இல்லை. தைராய்டு கட்டிக்குச் சென்னையில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். கட்டி கெட்டது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் குரல் நரம்பு அசந்துபோயிருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

பேசாத மனிதராக இருந்தால் பரவாயில்லை. இவர் தறியில் உட்கார்ந்தால் வாய் ஓயாது. கிரிக்கெட், கட்சி, பக்கத்து வீட்டு மோட்டார், பட்டு விற்கிற விலை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே நெய்வார். டிவியில் செய்தி வாசிக்கிறவனுக்குப் பதில் சொல்வார். எங்களுடையது கோர்வைத் தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் வரிக்கு வரி கோக்க ஆள் இரண்டு வேண்டும். கரைக்கு நூல் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளுவது நான். “போடு, நிறுத்து, மறுபடி போடு” என்று அவர் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு விரல் முட்டியால் தறிமரத்தைத் தட்டினார். கதவைத் தட்டினால் யார் என்று கேட்கலாம், இதற்கு நான் என்ன கேட்பது? அந்த ‘டொக்’கைக் கேட்கும்போதெல்லாம் நாடா என் கையிலேயே நின்றுவிடும். இப்படியே போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

வகுப்பு மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், சனிக்கிழமை காலை. சொல்லிக்கொடுத்தது ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த சின்னப் பெண். ஒவ்வொருவரும் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். என் முறை வந்ததும், “பூச நட்சத்திரம், கடக ராசி” என்றேன்.

“ஆன்ட்டி, ராசியெல்லாம் வேணாம். உங்களப் பத்திச் சொல்லுங்க.”

“என்னுது இல்லம்மா, எங்க வூட்டுக்காரருது. அவருக்குத்தான் தொண்டை. அவரு வரமாட்டாரு. அவரு பேருல நான் உக்கார்றேன்.”

“அப்படிப் பண்ண முடியாது ஆன்ட்டி. அவங்கவங்க சக்கரத்த அவங்கவங்கதான் பாத்துக்கணும்.”

“இன்னாம்மா இது? அர்ச்சனை பண்றோமே, பேரு சொன்னா போதுமே, ஆளு வந்தாத்தான் பலன்னு எந்த குருக்களாவது சொல்றாரா?”

அவள் ஒரு பாயை இழுத்துப் போட்டாள். உட்காருங்கள் என்றாள்.

“அஞ்சாவதை மட்டும் சொல்லும்மா. சமையல் அப்படியே இருக்குது.”

“கீழேருந்துதான் வரணும் ஆன்ட்டி. வாரத்துக்கு ஒண்ணு.”

ஆகவே மூலாதாரத்தில் தொடங்கினோம். முதுகெலும்பின் அடி. நான்கு இதழ், சிவப்பு, மண்ணின் இடம். மனிதனுக்கு நிலைப்பு தருவது இதுதானாம். எங்கள் ஊரில் சிவனே மண்ணால் ஆனவர், அவர்மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை. நான் பிறந்ததிலிருந்து மண்ணில்தான் இருக்கிறேன், என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்கிறார்கள். இதற்கு மேல் நிலைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்தது சுவாதிட்டானம். தொப்புளுக்குக் கீழே, ஆறு இதழ், நீரின் இடம். ஆசைக்கு உரியது என்று சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. பின்வரிசையில் சிரித்தார்கள். என் வயதில் பாலாற்றில் எவ்வளவு தண்ணீரோ அவ்வளவுதான் என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

மணிபூரகம் தொப்புளில், பத்து இதழ், நெருப்பு. துணிச்சலும் கோபமும் அங்கேதானாம். சிலருக்கு அது மூடிக் கிடக்கும், மூச்சுப் பயிற்சியால் திறக்க வேண்டும் என்றாள். எனக்கு வேண்டாம் என்று எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அனாகதத்தில்தான் சண்டை வந்தது. நெஞ்சுக்கு நடுவில், பன்னிரண்டு இதழ், காற்றின் இடம், அன்புக்கு உரியது. அதுவரை சரி. “அனாகதம்னா அடிக்காமலே எழற ஓசை” என்றாள். “ரெண்டு பொருள் மோதாம உள்ளே தானா கேக்கற சத்தம். கண்ண மூடிக் கேளுங்க.”

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை.

“அடிக்காம எங்கேம்மா சத்தம் வருது? எங்க வூட்டுல வந்து பாரு. அந்த மனுஷன் மரத்த அடிச்சி அடிச்சி முட்டி காச்சுப்போய்க் கிடக்குது. இங்க உக்காந்துக்கினு தானா கேக்குதாம்.”

கூடமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் என்று ஏதாவது சொல்லியிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன்.

மறுவாரம் ஐந்தாவது வந்தது. விசுத்தி, பதினாறு இதழ், ஆகாயத்தின் இடம். பேச்சும் உண்மையும் அங்கிருந்துதான். அதன் மந்திரம் ‘ஹம்’. முப்பது பேர் சேர்ந்து ‘ஹம்ம்ம்’ என்றபோது ஜெனரேட்டர் ஓடுவதுபோல் இருந்தது. நான்தான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இவரைத் தறியிலிருந்து எழுப்பி உட்காரவைத்தேன். “யோவ், ‘ஹம்’னு சொல்லு” என்றேன். உதட்டைக் குவித்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடியும் காற்று. மூன்றாவது முறை அவர் கண் கலங்கியதும் விட்டுவிட்டேன். “போதும், வா, சாப்பிடு” என்றேன்.

வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். ஆறும் ஏழும் எனக்கு எதற்கு? கடைத்தெருவில் அந்தப் பெண்ணே மடக்கிக் கேட்டு, நின்றபடியே சொல்லி முடித்தாள். ஆக்ஞை புருவ நடுவில், இரண்டே இதழ், அறிவின் கண். சகஸ்ராரம் உச்சந்தலையில், ஆயிரம் இதழ், அங்கே போனால் நான் வேறு நீ வேறு என்பது இல்லை. ஆயிரம் இதழை நெய்து முடிக்கச் சேலை முந்தி போதாது என்றேன். “வாங்க ஆன்ட்டி, ப்ளீஸ்” என்றாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஓர் ஆண் குரல். கீச்சென்று, பாதி காற்றாக, முன்பின் கேட்டிராத குரல்.

“இன்னாமே, பால் பொங்குது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எவன்டா அவன், வூட்டுக்குள்ள வந்து என்னை ‘மே’ போட்டுக் கூப்பிடறது!” என்று கத்தியோடு திரும்பினேன்.

வாசற்படியில் இவர் நின்றிருந்தார். கை கழுத்தில் இருந்தது. அவரும் பயந்துபோயிருந்தார்.

அந்தப் பழைய கனத்த குரல் இனி வராது, இதுதான் மிச்சம் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னொரு தரம் சொல்லு” என்றேன்.

“எத்தச் சொல்ல? பால்தான் பூராவும் போச்சே.”

இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனிதர் முன்னால், அந்நிய ஆள் வந்தால் செய்வதுபோல, என் கை தானாக முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்தியது. அப்புறம்தான் அழுதேன்.