எழும்பக்கூடாத மேசை

அம்மா இறந்தபின் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, வேலையை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிவந்தேன். முதல் மத்தியானமே சொதியின் மணம் என்னைச் சிறுவயதுக்கு இழுத்துப்போனது.

அப்போதெல்லாம், துறைமுகத்தில் வேலைபார்த்த அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் மேசையை விட்டு எழும்பக்கூடாது. வெளியே சிநேகிதிகள் கூப்பிடுவார்கள். கையில் சோறு காய்ந்து இறுக, நானும் அண்ணனும் அசையாமல் இருப்போம். பதினெட்டு வயதில் ஒருநாள் அண்ணன் பாதியில் எழும்பினான்.

"போறதெண்டால் திரும்பி வராத," என்றார் அப்பா. அவன் வரவேயில்லை.

இப்போது அப்பாவின் கை நடுங்குகிறது. ஒவ்வொரு பிடிக்கும் வெகுநேரம் எடுத்தார். நான் முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"கொண்ணனோட கதைக்கிறனியோ?" என்று அண்ணனைப் பற்றிக் கேட்டார்.

"ஓம் அப்பா."

"இங்க சோறிருக்கெண்டு சொல்லு."

பின்னேரம் அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அந்த மேசையில திரும்ப இருக்க எனக்கு ஏலாது," என்றான்.

மறுநாள் அப்பா மூன்று தட்டு வைக்கச் சொன்னார். அண்ணன் சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்தேன்.